மரண தண்டனை: தீர்மானிப்பவர் யார்?

திருகோணமலை மேல் நீதிமன்றமானாலும் கொழும்பு மேல் நீதிமன்றமானாலும், கொலைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கும் முறை ஒன்றுதான். தீர்ப்பை வாசிக்கும் நேரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிடுவார்கள், மின்விசிறிகள் நிற்கும். சட்டத்தரணிகளும் பொலிஸாரும் உறவினர்களும் எழுந்து நிற்பார்கள். ஜனாதிபதி குறிக்கும் திகதியில், ஜனாதிபதி குறிக்கும் இடத்தில், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்று நீதிபதி வாசிப்பார். தீர்ப்பில் ஒப்பமிட்ட பேனாவை அங்கேயே முறித்துவிடும் நீதிபதிகளும் உண்டு.

ஆனால் அந்தத் திகதியை எந்த நிறைவேற்று ஜனாதிபதியும் குறித்து முடித்ததில்லை. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23 அன்று, வெலிக்கடைச் சிறைச்சாலையில். நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது அதற்குப் பிறகு, 1978இல். தண்டனை மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. நீதிமன்றங்கள் அதை விதித்துக்கொண்டே இருக்கின்றன. 2019இல் மேன்முறையீட்டில் இருந்தவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தார்கள்.

ஒரு குழந்தை கொல்லப்படும்போதும், கடலில் பெருந்தொகை ஹெரோயின் பிடிபடும்போதும், தூக்கை மீண்டும் கொண்டுவா என்ற குரல் எழுகிறது. அதை எழுப்புபவர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் அவர்கள். அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கு வேண்டுமா என்பது ஒரு கேள்வி. யாரைத் தூக்கிலிடுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு இந்த நாட்டின் வரலாறு தந்திருக்கும் பதிலே முதலாவதுக்கும் போதுமானது என்பது என் துணிபு. அந்தப் பதிலைத் திருகோணமலையில் இருந்து பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சட்டம். கொலை செய்தவருக்கு மரண தண்டனை என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. அல்லது என்ற சொல் அதில் இல்லை. திடீர்க் கோபமூட்டல் போன்ற விதிவிலக்குக்குள் வழக்கு வராவிட்டால் நீதிபதியிடம் வேறு தெரிவு கிடையாது. கணவனின் அடியை ஆண்டுக்கணக்காகத் தாங்கிய பெண் ஒருநாள் அவனைக் கொன்றாலும், கூலிக்கு ஆளை வெட்டுபவன் கொன்றாலும், தண்டனை ஒன்றே. சாட்சிகளின் முகத்தைப் பார்த்து, மருத்துவ அறிக்கையைப் படித்து, மாதக்கணக்கில் வழக்கைக் கேட்ட நீதிபதிக்குத் தண்டனையை நிர்ணயிப்பதில் பங்கே இல்லை. வழக்கைக் கேட்காத ஒருவருக்குத்தான் முழு அதிகாரமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி, விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை பெற வேண்டும். அதில் சட்டமா அதிபர் ஆலோசனை சொல்ல வேண்டும், நீதி அமைச்சர் பரிந்துரை எழுத வேண்டும். இவ்வளவும் மேசைக்கு வந்த பின், முடிவு ஒருவருடையது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தில் கொட்டியாரக் குடா இருக்கிறது, அதன் கரையில் மூதூர். புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று மரம் தேடி இந்தக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தப்பி ஊர் திரும்பிய மகன், 1681இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். யானையைக் கொண்டு மனிதனைக் கொல்லும் தண்டனையைக் காட்டும் படம் அதில் இருக்கிறது. கண்டியில் உயிரைப் பறிக்கும் அதிகாரம் மன்னன் ஒருவனிடமே இருந்ததையும் அவர் எழுதினார். கைதியாக இருந்தவரின் கசப்பு அந்த எழுத்தில் கலந்திருக்கலாம், ஆனால் மன்னனின் அதிகாரம் பற்றிய செய்தி உண்மையே.

1815 மார்ச் 2 அன்று கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆங்கிலேய ஆளுநரின் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று அதன் ஒரு பிரிவு சொன்னது. மன்னனின் வாய்ச்சொல் இருந்த இடத்துக்கு ஆளுநரின் கையொப்பம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதே இடத்தில் மகாதேசாதிபதி இருந்தார், பின்னர் ஜனாதிபதி. நடைமுறை திருந்தியது உண்மை, விசாரணையும் மேன்முறையீடும் வந்தன. கடைசிப் படியில் ஒரே ஒரு மனிதர் நிற்பது மட்டும் மாறவில்லை.

மக்கள் பிரதிநிதிகள் இதை மாற்ற முயன்ற காலமும் உண்டு. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு தூக்கை நிறுத்தியது. 1958இல் பாராளுமன்றம் மரண தண்டனையை மூன்றாண்டுகளுக்கு இடைநிறுத்தச் சட்டம் இயற்றியது. அதன் விளைவை ஆராய, சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இந்த ஆணைக்குழுவைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் பேசாதது எனக்கு வருத்தமே. தூக்குக் கயிறு கொலைகளைக் குறைக்கிறதா என்று இந்த மண்ணிலேயே, இந்த மண்ணின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராய்ந்த குழு அது. மற்றத் தண்டனைகளைவிடத் தூக்கு கொலைகளை அதிகம் தடுக்கிறது என்பதற்கு இலங்கையின் அனுபவத்தில் அது ஆதாரம் காணவில்லை. 1959இல் அறிக்கை தயாரானது.

அதே ஆண்டு செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். துக்கமும் ஆத்திரமும் மேலெழுந்த அந்தச் சில மாதங்களுக்குள் இடைநிறுத்தச் சட்டம் நீக்கப்பட்டு, மரண தண்டனை திரும்பி வந்தது. ஏற்கெனவே நடந்துவிட்ட கொலைக்கும் அது பொருந்தும்படி புதிய சட்டம் எழுதப்பட்டது. சுட்ட சோமாராம தேரர் 1962 ஜூலை 6 அன்று தூக்கிலிடப்பட்டார். சதிக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற புத்தரக்கித்த தேரரும் எச்.பி. ஜயவர்தனவும் தப்பினார்கள். பின்னோக்கிப் பாயும் அந்தச் சட்டம் கொலையைக் குறிப்பிட்டதே தவிரச் சதியைச் சேர்க்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டதே காரணம். கொலையைத் திட்டமிட்டவர்கள் உயிரோடு இருக்க, ஏவப்பட்டவர் தூக்கில் தொங்கினார். அவசரத்தில் எழுதிய சட்டம் தந்த பலன் அது.

1999இலும், மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்ட 2004 நவம்பரிலும், தூக்கு திரும்பும் என்று அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அறிவித்தார். எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்கை மிக நெருங்கிப் போன ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2018 ஜூலையில் போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடப் போவதாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் மரண தண்டனையை நிறுத்தி வைக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக இலங்கை வாக்களித்தது. 2019 பெப்ரவரியில் அலுகோசுப் பதவிகள் இரண்டுக்கு சிறைச்சாலைத் திணைக்களம் விளம்பரம் செய்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2014இல் அந்தப் பதவிக்குச் சேர்ந்த ஒருவர் தூக்குமேடையைக் கண்ட பின் ஒரு கிழமைக்குள் விலகிப் போயிருந்தார்.

2019 ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம். நான்கு பேரின் மரண ஆணையில் தாம் ஒப்பமிட்டுவிட்டதாக சிறிசேன அறிவித்தார். அந்த நால்வர் யார் என்று சொல்லப்படவில்லை. பெயர் வெளிவராததால், சிறையில் உறவினர் இருந்த ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆள்தானோ என்று நடுங்கியது. மேன்முறையீடு செய்யவோ கருணை கேட்கவோ வழியில்லாமல் ஒரு மனிதனின் சாவு இரகசியமாக முடிவாகியிருந்தது. மனுக்கள் நீதிமன்றம் போயின. ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அந்த ஒன்பது நாட்களுக்குள், ஜூலை 3 அன்று, திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு முடிந்தது. 2006 ஜனவரி 2 மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பிரேத அறையில் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அதைப் பொய்யாக்கின. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படங்கள் வெளிவந்து சில கிழமைகளில், ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகப் புறப்பட்ட சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நீதியரசர் உதலாகம தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழு இந்தக் கொலைகளை ஆராய்ந்து 2009இல் அறிக்கை கொடுத்தது. 2015 வரை அது வெளியிடப்படவில்லை. 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதாகிப் பிணையில் போனார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் சிலர் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போய்விட்டிருந்தார்கள், அவர்களில் பிள்ளையை இழந்த தந்தையும் ஒருவர். கடைசியில், போதிய சான்று இல்லை என்று பதின்மூன்று சந்தேகநபர்களையும் நீதவான் விடுவித்தார். சுருக்கமற்ற விசாரணை என்ற முதற்கட்டத்திலேயே வழக்கு நின்றுவிட்டது, மேல் நீதிமன்றத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

ஒரே கிழமையில் கொழும்பில் பெயர் சொல்லாத நால்வருக்குக் கயிறு தேடப்பட்டது, திருகோணமலையில் ஐந்து பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்று கேட்கவே ஆளில்லாமல் போனது. மரண தண்டனை பற்றிய எந்த வாதத்தையும் நான் இந்தக் கிழமையை வைத்தே அளக்கிறேன். கொலைக்குத் தூக்கு என்ற சட்டம் அன்றும் இருந்தது, ஆனால் சான்று சேகரிக்கவும் சாட்சியைக் காக்கவும் மனம் இருக்கவில்லை. கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்பாது.

இந்த மாவட்டத்தில் இது தனி நிகழ்வு அல்ல. 1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், இராணுவத்தினர் ஆறு பேரையும் யூரிகள் நிரபராதிகள் என்றார்கள். 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில் பட்டினிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான அக்சன் கொந்த்ர் லா ஃபாமின் பணியாளர் பதினேழு பேர், நிறுவனத்தின் உடுப்போடு, அலுவலக வளவிலேயே சுடப்பட்டுக் கிடந்தார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொரு இளைஞர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்ததாக குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கண்டது. 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் காணாமற்போதல் பற்றிய செயற்குழு அந்தத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் பார்த்துச் சொன்னது. 

எல்லாத் தடைகளையும் தாண்டி ஒரு வழக்கு தண்டனை வரைக்கும் போனால் என்ன நடக்கிறது என்பதற்கு மிருசுவில் சாட்சி. 2000 டிசம்பரில் அங்கே குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்னாயக்கவுக்கு 2015 ஜூன் 25 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26 அன்று, கொரோனாவால் நாடு ஊரடங்கில் கிடந்த வேளையில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அவர் தூக்கிலிடப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய மிருசுவில் குடும்பங்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கொல்வதற்கான ஒப்பமும் விடுவதற்கான ஒப்பமும் ஒரே கையில் இருக்கின்றன என்பதை அவர்கள் அன்று அறிந்துகொண்டார்கள்.

கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் அதே கை 2021 ஜூனில் மன்னிப்பு அளித்தது. றோயல் பார்க் கொலை வழக்கில் தண்டனை பெற்றவரை 2019 நவம்பரில், பதவி முடியும் நேரத்தில், சிறிசேன விடுவித்தார். நால்வரைத் தூக்கிலிட ஒப்பமிட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இந்த இரண்டு மன்னிப்புகளையும் 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இது பெரிய நன்மை. ஜனாதிபதியின் மனம்போன போக்கும் நீதிமன்றத்தின் கேள்விக்கு உட்பட்டது என்று நிலைநாட்டப்பட்டது. ஆனால் தவறான மன்னிப்பைச் சில ஆண்டுகள் கழித்தும் திருத்தலாம். தவறான தூக்கை என்ன செய்வது?

தவறு நடக்காது என்பவர்கள் 2015 செப்டெம்பரை நினைக்க வேண்டும். கொட்டதெனியாவையில் ஐந்து வயதுகூட நிரம்பாத சிறுமி கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. ஒரு பள்ளி மாணவன் பிடிக்கப்பட்டான். அடுத்து ஓர் ஆண் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. மரபணுச் சோதனை இருவரையும் விடுவித்தது, வேறொருவர்தான் தண்டனை பெற்றார். அந்தச் சோதனை இல்லாதிருந்தால் முதலில் ஒப்புக்கொண்டவரின் கதி என்ன?

தமிழருக்கு இது பழக்கமான பாடம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்றது. மறு ஆண்டே இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களில் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தூக்கு உறுதியானவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, வாங்கிக் கொடுத்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டெம்பர் 9 அன்று பேரறிவாளனைத் தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அந்த அதிகாரியின் மனச்சாட்சியால் யாருக்கும் பயன் இருந்திருக்காது. இலங்கையிலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சான்றாகிறது. அந்தச் சட்டத்தின் பக்கத்தில் தூக்குமேடையை நிறுத்திவிட்டு நிம்மதியாக உறங்கக்கூடிய தமிழர் வடகிழக்கில் எத்தனை பேர்?

ஆணையில்லாத மரண தண்டனையும் இங்கே உண்டு. 1982இல் தூக்குத் தண்டனை பெற்ற தமிழ்ப் போராளிகளான குட்டிமணியும் ஜெகனும் 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடையில் சக கைதிகளால் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள். எவர் மீதும் வழக்கில்லை. டுபாயிலிருந்து நாடு கடத்தப்பட்ட, போதைப்பொருள் கடத்தல் தலைவர் எனப்பட்ட மாகந்துரே மதூஷ் 2020 ஒக்டோபரில் பொலிஸ் காவலில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். அவருக்கு யார் யாரோடு தொடர்பு என்ற கேள்வியும் அவரோடு போனது. இரண்டு கிராம் ஹெரோயினோடு பிடிபடுபவருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ என்று 1984 முதல் சட்டம் சொல்கிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் பொதியைச் சுமப்பவர், படகோடுபவர், கடனில் மூழ்கியவர். அனுப்புபவர் கடல் கடந்து இருக்கிறார்.

எனக்கு மிகக் கடினமான வழக்கு புங்குடுதீவு மாணவியினுடையது. 2015 மேயில் அவர் கொல்லப்பட்ட விதத்தை அறிந்த எவருக்கும் இரத்தம் கொதிக்கும், எனக்கும் கொதித்தது. முதன்மைச் சந்தேகநபர் ஒருவர் தப்ப உதவியதாகப் பொலிஸ் உயரதிகாரி மீதே வழக்கு வந்தது. 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில், சசி மகேந்திரன், பிரேமசங்கர், இளஞ்செழியன் ஆகிய மூன்று நீதிபதிகள் அமர்ந்த தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இருவர் விடுதலையானார்கள். மக்கள் ஆறுதல் கொண்டார்கள் என்பது உண்மை. அந்த ஆறுதல் எதனால் வந்தது? விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு மாறியது, மூன்று மாதங்களில் வழக்கு முடிந்தது, மக்கள் தங்கள் மொழியில் ஒவ்வொரு சாட்சியத்தையும் பின்தொடர முடிந்தது, சாட்சிகள் அஞ்சாமல் வந்தார்கள். தூக்கு நிறைவேறாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் நீதி நடந்ததாக மக்கள் உணர்ந்தார்கள். காந்தி சிலைக்கருகில் இறந்தவர்களின் பெற்றோரும் இதைத்தான் கேட்டார்கள்.

2022 ஆகஸ்டில், மரண ஆணையில் தாம் ஒப்பமிடப் போவதில்லை என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சட்டமா அதிபர் மூலம் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். நல்ல முடிவுதான், ஆனால் அதுவும் ஒருவரின் விருப்பமே. அடுத்து வருபவர் வேறுவிதமாக விரும்பலாம்.

ஆகவே மரண தண்டனை திரும்பி வரக் கூடாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது பாராளுமன்றம், ஆத்திரம் அடங்கிய நாளில். 296ஆம் பிரிவைத் திருத்தி, தண்டனையின் அளவை வழக்கைக் கேட்ட நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். மன்னிப்பு வழங்கும்போது காரணத்தை எழுதி வெளியிடவும், பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்கவும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். படையினர் மீதான வழக்குகளை அரசின் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபரே நடத்தும் முறை மாறி, தனியான வழக்குத் தொடுநர் அலுவலகம் வர வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீதவான் விடுவித்த பின்னும் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யச் சட்டமா அதிபருக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலான குற்றங்களுக்கு இருபது ஆண்டு எல்லை வகுத்த குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, கொலையை அந்த எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. கடற்கரைக் கொலைக்கும் மூதூர்க் கொலைக்கும் இன்றும் வழக்குத் தொடரலாம்.